அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்

ஒஸ்லோவில் பஸ் ஓட்டிய பத்தொன்பது வருடத்தில் பாலேந்திரன் ஒரு நாளும் பிந்தியதில்லை. மேடையில் ஏறினால் மட்டும் அவருக்கு இறங்கத் தெரியாது. பிறந்தநாளோ விளையாட்டுப் போட்டியோ, ஒலிவாங்கி இருக்கும் இடத்தில் அவர் இருப்பார். ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்காக நானும் எல்லாவற்றையும் கேட்டுத் தொலைத்தேன்.

அவருடைய மகள் ராகவிக்குப் பதினாறு வயது. நகரின் ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவில், ஒரு நிலவறையில் நடந்த சின்னக் கழகத்தில் காற்றுத் துப்பாக்கி சுடுவாள். பிள்ளை இடதுகைக்காரி; கழகத்தில் இருந்ததெல்லாம் வலதுகைத் துப்பாக்கிகள். கழுத்தைத் திருகிக்கொண்டு சுட்டே பேர்கன் நகரத்துப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். இனியும் இப்படிச் சுட்டால் கழுத்துப் போய்விடும், விளையாட்டையே விட வேண்டிவரும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

இடதுகைத் துப்பாக்கி ஒன்று வாங்க, 2006இல் கழகம் ஒரு விருந்து வைக்க முடிவெடுத்தது. எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் வேலை செய்வதை நோர்வேக்காரர் டுக்நாட் என்பார்கள். வாஃபிள் சுட்டு, நுழைவுச்சீட்டு விற்கலாம் என்றாள் பயிற்சியாளர் இங்கர்.

"சாப்பிடக் கூப்பிட்டுப்போட்டு ரிக்கற் விக்கிறதோ? எங்கடை ஆக்கள் காறித் துப்புவினம். கலியாணவீடு மாதிரி என்வலப்பிலை வைச்சுத் தருவினம்," என்று பாலேந்திரன் என்னிடம் கொதித்துவிட்டு, விருந்து தன் பொறுப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

முதல் வேலையாகத் தங்க எழுத்தில் தமிழ் அழைப்பிதழ் அடித்தார். அவருடைய பெயர் மூன்று இடத்தில். பிள்ளையின் பெயர் எங்கும் இல்லை. கடைசி வரி: "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்." அதற்கு முந்திய மாதம், எப்போதும் இவரோடு போட்டி போடும் குலேந்திரன் தன் மகள் வயதுக்கு வந்த சாமத்தியவீட்டு அட்டையில் அப்படிப் போட்டிருந்தார். அப்படிப் போடுகிறவன் பெரிய மனிதன் என்று இங்கே ஒரு நினைப்பு. குலேந்திரனுக்குக் குறைந்தவராகிவிடுவாரா இவர்?

"அண்ணை, இது காசு சேர்க்கிற விருந்தெல்லோ?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு மரியாதைக்குப் போடுறது. விளங்கினவன் குடுப்பான்."

எல்லோருக்கும் நன்றாகவே விளங்கியது. ட்வெய்ட்டாப் பகுதியிலிருந்துகூடக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பாலேந்திரனின் மனைவி விமலாதேவி மூன்று நாள் லீவு போட்டுச் சமைத்த ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் அரை மணி நேரத்தில் காலி. வாசலில் ராகவி என்வலப் போடும் பெட்டியோடு நின்றாள். "வேண்டாமெண்டு அட்டையிலை போட்டிருக்கே, பிள்ளை!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். வெட்கம் கெட்ட கூட்டம். நானும்தான். எல்லோரும் சும்மா போக நான் மட்டும் ஏமாளியா என்று, கொண்டுபோன என்வலப்பைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பாலேந்திரன் முக்கால் மணி நேரம் பேசினார். எதைப் பற்றி என்று கேட்டால் எவருக்கும் சொல்லத் தெரியாது. குலேந்திரன் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

சனம் போனபின் ராகவி பெட்டியை மேடைக்குக் கொண்டுவந்தாள். பாலேந்திரன் திறந்து பார்த்தார். ஒரேயொரு என்வலப். இங்கர் போட்டது. அவளுக்குத்தான் தமிழ் வாசிக்கத் தெரியாதே.

"சனம் இப்பிடிச் செய்யுமெண்டு ஆர் கண்டது?" என்றார்.

ராகவி அழவில்லை. பொன்னாடையை அவர் தோளிலிருந்து இழுத்தெடுத்து விரித்துப் பார்த்தாள்.

"அப்பா, இதை எந்தத் தோளிலை வைச்சுச் சுடுறது?"

ஒலிவாங்கி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. முதல் தடவையாக, பாலேந்திரன் அதைத் தானாகவே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.