கீழிருந்து மேலே படிக்கும் நடுவர்

“என்னைப் பிடிச்சு உக்கார வைக்கிற கதையை இனிமேத்தான் ஒருத்தன் பொறந்து வந்து எழுதணும்!”

2004ஆம் ஆண்டு ஆனி மாதம், சிவகாசியில் ஒரு டீக்கடை வாசலில், ஏழு பேர் முன்னிலையில் சங்கரபாண்டியன் செய்த பிரகடனம் இது. ஏழு பேரில் இருவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள் என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேச்சுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. அவர் இருபத்தாறு வருடமாகத் தினசரி காலண்டருக்குப் புரூஃப் பார்ப்பவர். எதையும் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கித்தான் படிப்பார். மேலிருந்து வந்தால் அர்த்தம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பிவிடும். கல்யாணப் பத்திரிகையைக்கூட அச்சகத்தின் பெயரில் ஆரம்பித்து மெல்ல மணமகள் வரை ஏறுவார்.

பிரகடனத்தைக் கேட்ட பள்ளித் தோழர் காசிராஜன், தம் அச்சகம் நடத்திய இளையோர் கதைப் போட்டிக்கு அவரையே நடுவராக்கினார். அறுபத்துமூன்று கதைகள். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தோடு முடிவும் வெளிவர வேண்டும். நடுவரோ டீ குடிக்கப் போனால் திரும்புவதில்லை. மூன்று முறை பொறுத்த காசிராஜன், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவரைப் பேப்பர் குடோனில் உட்காரவைத்து வெளியே பூட்டினார்.

“முடிச்சாத்தான் சாவி, சங்கரு.”

“ஏலே காசி, இன்னைக்கு மல்லாங்கிணத்துல என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துலே! தாய்மாமன் மடி வேணும்!”

“எத்தனை மணிக்கு?”

“பன்னெண்டுக்குள்ள.”

“அப்ப வெரசாப் படி.”

சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் பேப்பர் ரீம்கள். கையிலும் பேப்பர். சங்கரபாண்டியன் கதைக்கு மூன்று நிமிடம் ஒதுக்கி, கடைசி வரிகளின்மேல் பாய்ந்தார். நாற்பத்தொரு கதைகளில் கதாநாயகன் கலெக்டராகியிருந்தான். மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர் போதும் என்று அரசாங்கம் எப்படி முடிவு செய்ததோ தெரியவில்லை. பதினொன்றில் நடந்தது எல்லாம் கனவு. ஒன்பதில் அப்பா குடியை விட்டார். ஒன்றில் நாய் பேசியது; அதுவும் கலெக்டர் வீட்டு நாய்.

ஒன்பது மணிக்கு ஜன்னல் கம்பி வழியே காசிராஜன் செல்போனை நீட்டினார். தங்கை நாகஜோதி.

“எங்கன இருக்கீக அண்ணே? ஆசாரி வந்தாச்சு. சித்தப்பா மகன் வெள்ளைத்துரை வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, நான் மடி தாரேன்னு நிக்கான். அவன் மடியில வச்சுக் காது குத்திட்டா, அப்புறம் நீங்க மாமான்னு சொல்லிக்கிட்டு இந்த வாசப்படிய மிதிக்க வேண்டாம்!”

“வந்துட்டேன் தாயி,” என்றார், பூட்டிய கதவைப் பார்த்தபடி.

அறுபத்துமூன்றாவது, அச்சங்குளம் பாண்டிச்செல்வி, பதினாறு வயது. கடைசி வரி: ‘கதவு திறந்தது. மணி பதினொண்ணே கால்.’

எந்தக் கதவு? ஏறினார். உள்ளே ஒருத்தி ஹால் டிக்கெட்டோடு இருந்தாள். இன்னும் ஏறினார். அன்று பத்து மணிக்கு அவளுக்குப் பரீட்சை. காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்குப் பதில் விடிகாலையில் ஒரு மணி நேரம் பட்டாசு வேலைக்கு வந்தவளை, அதிகாரிகள் வருகிறார்கள் என்று அட்டைப்பெட்டி ரூமில் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். பூட்டியவர் சொந்தச் சித்தப்பா. கதவைத் தட்டினால் அம்மாவுக்கு வேலை போகும். அவள் தட்டவில்லை. என்ன கேள்வி வந்திருக்கும் என்று தானே யோசித்து, அட்டைப்பெட்டிகளின்மேல் விடை எழுதிக்கொண்டிருந்தாள்.

சங்கரபாண்டியன் இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, மேலிருந்து படிப்பதற்காகத் தாள்களை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

பத்தேகாலுக்குப் பூட்டுத் திறந்தது. வாசலில் தங்கை கணவர் பாண்டிமுருகன் வாடகைக் காரோடு நின்றார்.

“மச்சான், ஏறுங்க!”

சங்கரபாண்டியன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பாண்டிமுருகனும் காசிராஜனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிக் காரில் வைத்தார்கள்.

“ஏலே, போட்டித் தாளு வெளிய போகக் கூடாது!” என்று காசிராஜன் கத்தியது, விருதுநகர் ரோட்டில் திரும்பிய காருக்குக் கேட்கவில்லை.

மல்லாங்கிணற்றில் பதினொன்றே முக்கால். வெள்ளைத்துரை வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கினார். சங்கரபாண்டியன் மடியில் குழந்தை ஓவியாவை உட்காரவைத்தார்கள். ஆசாரி வலக்காதைக் குத்தினார். பிள்ளை ஊரே அதிர அலறியது. இடக்காதையும் குத்தினார். தாய்மாமனின் ஒரு கை பிள்ளையை அணைத்திருந்தது. இன்னொன்று அதன் முதுகுக்குப் பின்னால் பக்கம் திருப்பியது.

பிள்ளையை வாங்கிக்கொண்டு எல்லோரும் பந்திக்கு நகர்ந்தார்கள். மணையில் சங்கரபாண்டியன் மட்டும் சம்மணம் கலையாமல் இருந்தார்.

“எந்திரிங்க அண்ணே, எல்லாம் முடிஞ்சிருச்சு,” என்றாள் நாகஜோதி.

“இரு தாயி,” என்றார் தலை நிமிராமல். “இன்னும் கதவு திறக்கலை.”