பச்சைச் சுவரில் சாய்ந்த விருந்தாளி

பம்பாய்த் தாராவியில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் சாலில் ஜெயினுலாப்தீனைப் போல நிறம் பார்க்கத் தெரிந்தவர் கிடையாது. நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். தோலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், அவருடைய மகள் மர்யத்தைப் பெண் பார்க்கக் கல்யாண் ஊரிலிருந்து முகைதீன் குடும்பம் வருவதாகத் தகவல் வந்தது. இருக்கிற ஒரே அறையின் சுவருக்கு டிஸ்டம்பர் வண்ணம் அடிக்கத் தீர்மானித்தார்.

மனைவி நூர் நிஷாவுக்கு ரோஸ் வேண்டும். அவருக்குப் பச்சை. இரண்டையும் சுவரில் ஒவ்வொரு சாண் பூசிப் பார்த்தார்கள்.

"காயட்டும் மச்சான், பொறவு பாப்போம்" என்றாள் நூர் நிஷா.

"ஈரத்துலதான் புள்ள அசல் கலர் தெரியும். காலம்பூரா தோலுல பாக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஈரத்தில் பச்சைதான் பளபளத்தது. அறை முழுக்கப் பச்சை அடித்தார். விடிந்து பார்த்தால் ஆடு மென்று துப்பிய தழை மாதிரி வெளுத்துக் கிடந்தது. விருந்தாளிகள் மத்தியானம் வருகிறார்கள். வேறு ஆளாயிருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். இவரோ தோலுக்குப் பார்க்கும் வைத்தியத்தையே சுவருக்கும் பார்த்தார். காய்ந்து வெளுத்த தோலில் எண்ணெய் தேய்த்தால் நிறம் திரும்பும். பட்டறை எண்ணெயைத் துணியில் தொட்டுச் சுவரெல்லாம் தேய்த்தார். நம்பமாட்டீர்கள், நிறம் திரும்பியே விட்டது!

"பாத்தியா?" என்றார். நூர் நிஷா நெய்ச்சோற்றுக்கு உலை வைக்கப் போனாள். அவளுக்கு இந்த இடமாவது கைகூட வேண்டுமே என்ற பயம். முன்னே வந்தவர்கள் எல்லாம் டீ குடித்துவிட்டுப் போனதோடு சரி.

முகைதீன் கனத்த மனிதர். சலவை வெள்ளைச் சட்டையில் வந்து, பாயில் உட்கார்ந்து, சுகமாகச் சுவரில் சாய்ந்துகொண்டார். நெய்ச்சோறு சாப்பிட்டார். மர்யத்தைப் பார்த்தார். "வீட்டுக்குப் போயி கலந்து பேசிச் சொல்லி அனுப்புதோம் பாய்" என்று எழுந்தார். முன்னே வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். நூர் நிஷாவின் முகம் வாடிவிட்டது.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். முதுகு முழுக்கப் பச்சை.

திரைக்குப் பின்னால் மர்யம்தான் முதலில் சிரித்தாள். முகைதீனின் மனைவி அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

முகைதீன் தோளைத் திருகி முதுகைப் பார்த்தார். "இப்பிடி முத்திரை குத்தி விட்டுட்டா, இன்னொரு வீட்டுல போயி பொண்ணு பாக்க முடியுமா, சம்பந்தி?"

அந்தக் கடைசிச் சொல் காதில் விழுந்ததும் நூர் நிஷா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

நிக்காஹுக்கு அறை ரோஸ் நிறத்தில் இருந்தது. நூர் நிஷா நன்றாகக் காயவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். எண்ணெய்ச் சுவரைச் சுரண்டிய புண்ணியவான் ஜெயினுலாப்தீன். சம்பந்தத்தை முடித்து வைத்தது தன் பச்சைதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நூர் நிஷா மறுக்கவில்லை. எண்ணெய்ப் புட்டியை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் ஒளித்து வைத்தாள்.