அரசாங்கக் கல்லும் என் இருபது காலடியும்

போன புதன்கிழமை பரமேஸ் அக்காவுக்கு ஒரு லெட்டர் வந்தது.

பரமேஸ் என் கூடப்பிறந்த அக்கா. உப்புவெளிக்கு அங்கால், எங்கள் கரையில் கடலுக்கு ஆகக் கிட்ட நிற்கிற வீடு அவளுடையது. அதற்குப் பின்னால் என் வீடு. போன மாரியில், அதாவது கார்த்திகை, மார்கழி மழையில், கடல் அவள் வளவுக்குள் புகுந்து கக்கூசைக் கொண்டுபோய்விட்டது. சுவர், தகரம், கதவு... உள்ளே இருந்த வாளி உட்பட.

அதற்குப் பிறகுதான் அக்கா விண்ணப்பம் போட்டாள். கரைக்குக் கல் அணை போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளுக்கு ஒரு துண்டுக் காணி தாருங்கள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

வந்தது அதற்கான பதில். அக்கா பத்து வரை படித்தவள். நான் ஐந்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். (இந்தப் பத்தியில் எழுத்துப்பிழை இல்லாவிட்டால் புண்ணியம் நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மகளுக்கு. இருந்தாலும் பழி அவளுக்குத்தான்!) ஆகவே அக்கா வாசித்தாள், நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"கடந்த ஐந்து ஆண்டுகால அளவீடுகளின்படி மேற்படி கரையோரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் அவதானிக்கப்படவில்லை."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"மாற்றம் இல்லையாமடா! அப்ப என்ரை கக்கூசு எங்கயடா போனது? கொழும்புக்கு பஸ் ஏறிப் போனதோ?"

நான் சிரித்தேன். எனக்கு வேறென்ன தெரியும்? செத்தவீட்டில் பகிடி விட்டு அடி வாங்கின ஆள் நான்.

"பல்லைக் காட்டாதை. கீழ போட்டிருக்கு, கரையில நட்ட கல்லில இருந்துதான் அளந்தவையாம். ஒவ்வொரு வருசமும் கல்லுக்கும் கடலுக்கும் ஒரே தூரமாம்."

சிரிப்பு நின்றது.

அந்தக் கல்லா... ஐயோ, அந்தக் கல்லா!

ஐந்து வருசத்துக்கு முந்தி எங்கள் கரைக்கு ஒரு ஜீப் வந்தது. இறங்கினவர்கள் முழங்கால் உயரத்தில் ஒரு சீமெந்துக் கல்லை நட்டார்கள். வெள்ளைப் பெயின்ற், சிவப்பு நம்பர். அந்த நேரம் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். வந்தவர்களில் பெரியவர் என்னைப் பார்த்து, "இது அரசாங்கச் சொத்து, கவனமாப் பாத்துக்கொள்ளும்" என்றார். எதற்கு நட்டது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அரசாங்கம் என்னை நம்பி ஒரு பொருளை ஒப்படைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாரி தொடங்க முதல், மணலில் நிற்கிற எல்லாம் மேலே ஏறவேண்டும். வள்ளம், வலை, வாடி என்று நாங்கள் சொல்லுகிற ஓலைக்கொட்டில்... எல்லாவற்றுக்கும் கயிறு கட்டி, கரை முழுக்கச் சேர்ந்து இழுப்போம். யாருடைய சாமான் என்று பார்ப்பதில்லை. மணலில் நின்றால் இழு.

அந்த வருசம் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கல்லு மட்டும் தனியே நிற்கிறது. அலை அதன் கழுத்தில். கடல் கொண்டுபோனால் யார் பதில் சொல்வது? தோண்டினோம். கயிறு கட்டினோம். இழுத்தோம்.

மாரி முடிந்து கடல் அடங்கினதும் அதைத் திருப்பி நடவேண்டும். எங்கே நடுவது? இந்த இடத்தில்தான் என் நேர்மை வேலை செய்தது. முதல் நாள் அவர்கள் நட்டபோது கல்லு கடலில் இருந்து இருபது காலடி. சும்மா இருந்த நேரத்தில் எண்ணி வைத்திருந்தேன். ஆகவே தண்ணீர் விளிம்பில் இருந்து இருபது காலடி எண்ணி, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல், அந்த இடத்தில் நட்டேன். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சின வெள்ளைப் பெயின்றையும் அடித்துவிட்டேன்.

ஐந்து மாரி. ஐந்து தடவை. ஒவ்வொரு மாசி மாதமும் யாரோ ஒருவர் வந்து அளவுநாடா பிடித்து அளந்து எழுதிக்கொண்டு போனார். "கல்லை வடிவா வச்சிருக்கிறியள்" என்று ஒருவர் பாராட்டியும் விட்டார். நான் வெட்கப்பட்டேன்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள், கதிரையைத் தூக்கி எறிவாள் என்று பின்வாசல் பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயம். "நாளைக்கு இந்த லெட்டர் அனுப்பின கந்தோருக்குப் போய்ச் சொல்லு. நீயாவே போ" என்றாள்.

போனேன்.

இரண்டு வருசமாக எங்கள் கரையை அளக்கிறவர் றிஸ்வான் தம்பி. கிண்ணியா ஊர்ப் பிள்ளை. நான் நின்றபடியே முழுக் கதையையும் சொல்லி முடிக்க, அவர் கையில் இருந்த பேனை மேசையில் விழுந்தது.

"அண்ணன், ரெண்டு தரம் வந்து அளந்தனே! அப்ப வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேக்கேல்லையே தம்பி."

"கல்லத் தூக்கி நட்டீங்களா எண்டு ஆராவது கேப்பாங்களா அண்ணன்?"

நியாயமான கேள்விதானே? "என்னைப் பொலிசில குடுங்கோ. அக்காவுக்குக் காணியைக் குடுங்கோ" என்றேன்.

றிஸ்வான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"இது வானத்தில இருந்து எடுத்த படம். உங்கட கரை எவ்வளவு உள்ளுக்குப் போயிரிக்கி எண்டு பாருங்க. கல்லும் படமும் ஒத்து வரல்ல எண்டு போன வருசமே எழுதி மேல அனுப்பினன். ரெண்டு தரம்."

"அப்ப?"

"அவங்க கல்லுக் கணக்கத்தான் எடுத்தாங்க."

"ஏன் தம்பி?"

"கல்லு ஒண்டும் செய்யச் சொல்லல்ல, அண்ணன். படம் செய்யச் சொல்லுது."

என் பிழையைச் சொல்லித் திருத்தினால் எல்லாம் சரிவரும் என்ற நினைப்பில்தான் பஸ் ஏறினேன். ஒரு படியாதவன் தெரியாமல் செய்த முட்டாள்தனத்தை, படித்தவர்கள் தெரிந்துகொண்டே கட்டிப்பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று யார் நினைத்தது?

"கல்லுக் கணக்குத்தான் வேணுமெண்டா, சரியான கல்லுக் கணக்கயே குடுப்பம்" என்றார் றிஸ்வான். "முதல்ல நட்ட இடம் தெரியுமா?"

தெரியாமல்? வலை போட்ட இடத்தைக் கரையில் இரண்டு அடையாளம் வைத்துக் கண்டுபிடிக்கிற சாதி நாங்கள். கோயில் முடியும் போன் டவரும் ஒன்றுக்குப் பின் ஒன்றாய் வரவேண்டும். அந்தப் பக்கம் ஹோட்டல்காரரின் தண்ணீர்த் தாங்கி, மலையின் நெற்றிக்கு நேரே நிற்கவேண்டும். இரண்டும் சேருகிற இடம்தான் கல்லின் இடம்.

சனிக்கிழமை காலமை தேடிக்கொண்டு நடந்தேன். கோயிலும் டவரும் சேரவில்லை. இன்னும் நட. கால் நனைந்தது. இன்னும் நட. முழங்கால். இடுப்பு. தண்ணீருக்குள் எட்டுக் காலடி போன பிறகுதான் எல்லாம் நேருக்கு வந்தது.

காலுக்குக் கீழே ஏதோ வழவழவென்று தட்டுப்பட்டது. பெருவிரலால் தடவிப் பார்த்தேன். தென்னங்குத்தி. அரசாங்கம் கல்லு நட்ட அன்று நான் முதுகைச் சாய்த்துக்கொண்டு வலை பொத்தின தென்னை. அதன் நிழல் விழுந்த இடத்தில் இப்போது மீன் ஓடுகிறது.

நாற்பது வருசம் கடலுக்குப் போகிறவன் நான். புயலில் மாட்டியிருக்கிறேன், வள்ளம் கவிழ்ந்து விடிய விடிய மிதந்திருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், இடுப்பளவு தண்ணீரில், வெயிலில், அலையே இல்லாத கடலில் நின்று அன்றைக்குப் பயந்த மாதிரி ஒரு நாளும் பயந்ததில்லை.

றிஸ்வான் கரையில் அளவுநாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணன், அசையாம நில்லுங்க! நீங்கதான் இப்ப கல்லு!"

"நான் அசையேல்லைத் தம்பி! இந்தக் கல்லுக்குக் கால்தான் நடுங்குது!"

எழுதினார். பிறகு அக்கா தன் பங்குக்குத் தண்ணீர் விளிம்பில் இருந்து தான் சமைக்கிற குசினியின் சுவர் வரைக்கும் நடந்து எண்ணினாள். பதினாறு. திரும்பவும் எண்ணினாள். பதினாறுதான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரைக்கு ஒரு அரசியல் பிரமுகர் வந்தார். கடற்கரையோரம் உல்லாசமாக நடந்து போக நடைபாதை கட்டப் போகிறார்களாம், அதற்கு அடிக்கல். இன்னொரு கல்! பந்தலுக்குக் கீழே நின்று, காலநிலை மாற்றம் எங்கள் எல்லோருடைய பிரச்சினை, வருங்காலச் சந்ததி, பச்சைப் பூமி என்று பேசினார். பேச்சில் குறை சொல்ல ஏலாது. கண் கலங்கிற மாதிரியான பேச்சு.

முடிந்ததும் நான் எழும்பினேன். "ஐயா, அந்தக் கல்லை நகர்த்தினது நான்தான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

கூட்டம் சிரித்தது. இவன் எழும்பினால் பகிடிதான் என்று பழகின சனம். பிரமுகரும் சிரித்தார். என் தோளில் தட்டினார். கமரா எல்லாம் என் பக்கம் திரும்பினது.

வாழ்க்கையில் முதல் தடவையாக, சிரிக்காதீர்கள் என்று கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

அக்கா சிரிக்கவில்லை. றிஸ்வான் எழுதின கடதாசியைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தாள். அவர் வாசித்தார். முகம் கொஞ்சம் மாறினது, இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு மைக்கை எடுத்தார்.

"இது பாரதூரமான விசயம். உடனடியாக ஒரு குழு அமைப்போம். சரியான இடத்தில் புதுக் கல்லை நட்டு, ஐந்து வருசம் ஒழுங்காக அளந்து, அதற்குப் பிறகு ஒரு நல்ல முடிவை எடுப்போம்!"

கைதட்டல்.

அக்கா மைக் இல்லாமலே கேட்டாள். "இன்னும் அஞ்சு வருசத்துக்கோ? அப்ப கல்லை எங்க ஐயா நடப் போறியள்? என்ரை குசினிக்கு உள்ளயோ?"

ஒருவரும் கைதட்டவில்லை. பிரமுகர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேறு கூட்டம் இருந்ததாம்.

அன்றிலிருந்து ஒரே யோசனை. வீட்டில் ரேடியோ போட்டால் உலகத் தலைவர்கள் மாநாடு கூடினார்கள் என்று சொல்கிறது. புகையை இன்ன வருசத்துக்குள் குறைப்போம் என்கிறார்கள். அந்த வருசம் கிட்ட வந்ததும் கூடி, எண்ணி, அங்கால் ஒரு வருசத்தில் கொண்டுபோய் நடுகிறார்கள். பெயின்ற் அடித்து வடிவாய் வைத்திருக்கிறார்கள். எப்போது பார்த்தாலும் ஆபத்து இருபது காலடி தூரத்தில்தான்! எனக்கு அந்த வேலை நல்லாய்த் தெரியும். ஐந்து வருசம் செய்தவன் நான். ஆனால் நான் தெரியாமல் செய்தேன். அவர்களிடம் படம் இருக்கிறது.

என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறீர்களா? ஐந்தாம் வகுப்பிடம் கேட்டால் ஐந்தாம் வகுப்பு மறுமொழிதான் வரும். கரையில் கிடக்கிற சனத்துக்கு இந்த மாரிக்கு முதல் உள்ளுக்குக் காணியைக் கொடுங்கள். கடல் வருகிற வழியில் நடைபாதை கட்டாதீர்கள். மண் அள்ளுகிறவனை, கரையைக் காக்கிற கண்டல் மரத்தை வெட்டுகிறவனை, அவன் ஆருடைய ஆளாய் இருந்தாலும் பிடியுங்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கிற பெரிய நாடுகளிடம் போய்ப் படத்தைக் காட்டிச் சண்டை பிடியுங்கள். வாக்குக் குறைந்தால் குறையட்டும். கரை குறைந்தால் வாக்குப் போட ஆள் எங்கே நிற்பான்?

இப்போதெல்லாம் பின்னேரங்களில் அக்கா எழும்பிப் போய்த் தண்ணீரில் இருந்து குசினி வரைக்கும் நடக்கிறாள். உதடு அசைவது தெரிகிறது. எத்தனை என்று நான் கேட்பதில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

மாரிக்கு இன்னும் ஆறு கிழமை. வள்ளத்தை ஏற்றுவோம், வலையை ஏற்றுவோம், வாடியை ஏற்றுவோம். கல்லை மட்டும் இந்த முறை தொடமாட்டேன், சத்தியம்.

இழுக்க ஆள் இருக்கிறது, கயிறும் இருக்கிறது... அக்காவின் வீட்டில் அதை எங்கே கட்டுவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.