சோலார் மோட்டாரும் திருஷ்டி பொம்மையும்

எங்கள் கழனியில் சோலார் மோட்டார் வைத்தபோது களமருதூரில் பாதி ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. வந்தவர்கள் சும்மா போகவில்லை. பேனலைத் தட்டிப் பார்த்தார்கள், குழாயில் கொட்டும் தண்ணீரில் கால் கழுவினார்கள், "உங்களுக்கு இன்னாப்பா, ராஜா கணக்கா பகல்லயே பாச்சிக்கினு இருக்கீங்க" என்று பெருமூச்சும் விட்டார்கள். அந்தப் பெருமூச்சுதான் பெரியம்மாவுக்கு ஆகவில்லை.

அதுவரை மோட்டாருக்குக் கரண்ட் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். முந்தின வருஷம் அப்படி மோட்டார் போடப் போன பெரியப்பாவைப் பாம்பு கடித்தது. அவர் உடல்தான் வீடு திரும்பியது. கழனியை விற்றாலும் விற்பேன், இன்னொருத்தரை இருட்டில் அனுப்ப மாட்டேன் என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றதால்தான் அப்பா ஆபீஸ் ஆபீஸாக அலைந்து சோலார் வாங்கினார். அப்படி வந்த மோட்டார் மீது ஊர்க்கண் படலாமா? பெரியம்மா வைக்கோலால் ஆளுயரத்துக்கு ஒரு திருஷ்டி பொம்மை கட்டினாள். பானைத் தலை, கரிக்கண்கள், பெரியப்பாவின் நீலக்கட்டம் போட்ட சட்டை. வீட்டில் கிழிந்த சட்டைகள் எத்தனையோ இருக்க, துவைத்து மடித்து வைத்திருந்த அதையே மாட்டினாள். பேனலுக்குக் கிழக்கே, சாலையைப் பார்க்க நட்டாள். "பொம்மன்னா வரவன் போறவனத்தான் பாக்கணும்" என்று எனக்கு விளக்கமும் சொன்னாள்.

விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து தண்ணீர்தான் குறைந்தது. காலை முழுக்க மோட்டார் முக்கி முனகியது. மத்தியானத்துக்கு மேல் ஊற்றிய தண்ணீரும் கடைசிக் கழனிக்குப் போய்ச் சேரவில்லை. நெல் பால் பிடிக்கிற நேரம். அப்பா சாப்பிடக்கூட வராமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்தார். "நல்லாதானே ஊத்துது" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா பொம்மையின் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கரி பூசினாள்.

அப்பா கெஞ்சிக் கூத்தாடி அடுத்த முறை அவரைக் காலையிலேயே வரவழைத்தார். வந்தவர் ஒயரைத் தொடவே இல்லை. பேனல் மேல் கையை விரித்துப் படுத்திருந்த பொம்மையின் நிழலைக் காட்டினார்.

"ஒரு பேனல்ல நெழல் வுழுந்தாலே மொத்தமும் கம்மியாயிடும்ங்க. மொதல்ல இத்தப் புடுங்கிப் போடுங்க."

காவலுக்கு வைத்ததே கழனியைக் காயப்போட்டது என்று தெரிந்ததும் பெரியம்மாவின் முகம் செத்துப்போனது. பார்த்த எனக்கே அழுகை வந்தது. திருஷ்டி, சகுனம் என்றாலே கிண்டல் செய்கிறவர் அப்பா. அன்று பொம்மையிடம் போனவர் அதைத் தொடாமல் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நெழல் வுழாத எடமா பாத்து வச்சிடு தம்பி," என்றாள் பெரியம்மா. "பகல்ல தண்ணி பாயறத அவரு பாக்கவே இல்ல."

அப்பா பொம்மையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய், பேனலுக்குப் பின்னால் வடக்கு வரப்பில் நட்டார். சாய்ந்த தலையை நிமிர்த்தினார். கழன்றிருந்த சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். பிறகு அதன் முகத்தை மெதுவாகத் திருப்பி, தண்ணீர் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலைப் பார்க்க வைத்தார்.

எனக்கு ஒரே எரிச்சல். வாய்க்கால் பக்கம் எவன் வந்து கண் வைக்கப் போகிறான்? திருஷ்டி பொம்மை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுகூட அப்பாவுக்குத் தெரியவில்லையே என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.