மஞ்சள்தொண்டைச் சின்னானுக்காக நின்ற வெடி

நகரி பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைக்கிறவர் அவர். ஒல்லியான உடம்பு, தலையெல்லாம் கல்தூசி. பதில் சொல்லுமுன் எதிரில் நிற்பவரின் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார்.

அன்று வெடிக்கு முன் எல்லாரையும் விலகச் சொல்லும் சைரன் ஒலித்துவிட்டது. பறவை பார்க்கப் போயிருந்த நான், பாறையோரப் புதரில் குஞ்சுகளோடு ஒரு கூட்டைக் கண்டதும் அவரிடம் ஓடினேன்.

“வெடிக்காதீங்க! மேல மஞ்சள்தொண்டைச் சின்னான் கூடு இருக்குது!”

“சின்னானா? எங்க வேலியில தெனமும் கத்திக்கினு இருக்குதே சார்.”

“அது வெண்புருவச் சின்னான். புதர் இருந்தா எங்கயும் பொழைச்சிக்கும், அழிஞ்சிடும்னு பயம் இல்ல. இதுக்கு நம்ம தெற்கத்திப் பாறைக் குன்னுங்கள விட்டா வேற எடமே இல்ல. குன்னு போகப் போக இதுவும் கொறஞ்சிக்கினு வருது.”

கீழிருந்து மேஸ்திரி, “தொந்தரகா கானீ!” என்று தெலுங்கில் அவசரப்படுத்தினார்.

வெடி வைக்கிறவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு வயரைக் கழற்றிச் சுருட்டினார். “இன்னிக்கு வெடி இல்ல!” என்று கீழே குரல் கொடுத்தார். மேஸ்திரி திட்டிக்கொண்டே மேலேறி வரத் தொடங்கினார்.

“கூட்டைப் பார்க்கிறீங்களா?” என்றேன்.

“எதுக்கு சார்? ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். சைரன் அடிச்ச பின்னாலயும் உள்ள ஓடியாந்தீங்களே, அதைப் பார்த்தேன்.”

அவரை அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். புது ஆள் கிடைக்கும்வரை குவாரி நின்றது. அதற்குள் குஞ்சுகள் பறந்துவிட்டன.

அவர் எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அறிமுகமே இல்லாத ஒருவனின் பதற்றத்தை அவர் எப்படி அவ்வளவு நம்பினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.