எங்கள் பீலித் தண்ணீர் போன வழி

யுத்தம் முடிந்து, நாடெங்கும் ரோடு போடுவதும் குழாய் பதிப்பதுமாக இருந்த காலத்தில் இது நடந்தது. நான் அப்போது கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். குடியிருந்தது ஹந்தானை மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

எங்களுக்குக் குடிதண்ணீர் பீலியில்தான் வரும். மலையில் ஊறுகிற ஊற்றை ஒரு குழாய் வைத்துத் திருப்பி விட்டிருப்பார்கள், அதைத்தான் பீலி என்போம். திறக்க, மூட எதுவும் கிடையாது. கடும் வெயில் காலத்திலும் மெலிசாகவாவது ஊற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டுப் பழகி, அது இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

மலையின் அந்தப் பக்கம் கட்டிய புது வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு பெரிய குழாய் பதிக்க வந்தார்கள். எங்கள் லயத்துக்கு அதில் தண்ணீர் கிடையாது, வழி மட்டும்தான் எங்கள் பக்கம். ஊற்றுக்கு மேலே மலையைக் குறுக்காக வெட்டி, ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். மணலும் சல்லிக்கல்லும் போட்டு, குழாயை வைத்து மூடிக்கொண்டே கீழே ரோட்டுப் பக்கம் வரைக்கும் போனார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லயத்துப் பையன்கள் சிலருக்கு அதில் கூலி வேலையும் கிடைத்தது.

அதற்குப் பிறகு பீலி கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. ஒரு நாள் சொட்டு மட்டும். பிறகு அதுவும் இல்லை.

வெயில் காலம் என்று முதலில் சமாதானப்பட்டுக்கொண்டோம். ஆனால் மழை வந்தது. நனைந்துகொண்டே நாங்கள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்கு வாளியோடு வரிசையில் நின்றோம். ஊற்றுப் பக்கத்துச் சாமிக் கல்லைத் தோண்டும்போது நகர்த்தியதால்தான் இப்படி ஆனது என்று சிலர் சொன்னார்கள். மனுசனுக்கு வயசாகிற மாதிரி ஊற்றுக்கும் வயசாகிவிட்டது என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு எதுவும் ஒத்துவரவில்லை. அதே மலை, அதே மழை. பெய்கிற தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கடையில் துணியை அளந்துகொண்டிருக்கும்போதும் இதே யோசனைதான்.

பௌர்ணமிக்கு விடும் போயா லீவு ஒன்றில், மூடிய பள்ளத்தின் வழியே தனியாக நடந்து பார்த்தேன். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. புல் இன்னும் சரியாக முளைக்காததால் குழாய் போன பாதை தெளிவாகத் தெரிந்தது. ஒரு வளைவில் நின்றபோது ஏதோ கேட்பது மாதிரி இருந்தது. குந்தினேன், பிறகு தரையில் படுத்துக் காதை வைத்தேன். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம்! மெதுவாக, ஆனால் விடாமல்.

என்னைத் தேடி வந்த வீட்டுக்காரர், எழுந்து வரும்படியும் ஆட்கள் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். அவரையும் காதை வைத்துப் பார்க்கச் சொன்னேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் அங்கேயும் வைத்துப் பார்த்தார்.

லயத்தில் எல்லோரும் சேர்ந்து முறைப்பாடு கொடுத்திருந்ததால், குழாய் போட்ட கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன வயது. அவர் பேச்சைக் கேட்டு எங்கள் பெண்கள் வாய்க்குள் சிரித்துக்கொண்டார்கள். நான் காதில் கேட்டதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இடத்தைக் காட்டச் சொன்னார், தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தார், அப்படியே சேற்றில் படுத்துக் காதை வைத்தார். எழுந்தபோது கன்னமெல்லாம் மண்.

"ஓம் அக்கா, ஓடுது. தண்ணிக்கு நாங்களே ரோட்டுப் போட்டுக் குடுத்திட்டம்."

அவர் விளக்கியது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இறுகின மண்ணுக்குள் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்துதான் ஊற்றுக்கு வரும். நடுவில் மணலும் கல்லும் நிரம்பிய பள்ளம் வந்தால், லேசான வழி கிடைத்ததென்று அதில் இறங்கி, குழாயின் கூடவே ஓடிவிடும். நடுநடுவே களிமண்ணால் அடைத்திருக்க வேண்டும், இங்கே யாரும் அதைச் செய்யவில்லை என்றார். ஆனால் எங்கே போய் வெளியே வருகிறது என்பது அவருக்கும் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு தூள் கொண்டுவந்தார். பார்க்கச் செம்மஞ்சள், தண்ணீரில் போட்டதும் இலைப் பச்சையாக மாறியது. வயிற்றுக்குள் போனாலும் ஒன்றும் செய்யாதாம். மேலே ஒரு இடத்தில் மண்ணை எடுத்து, குழாய் ஓரத்து ஓட்டத்தில் அதைக் கரைத்து விட்டார். ஓடையில்தான் வரும் என்று எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு ஓடைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பொழுது சாயும் வரை ஓடை தெளிவாகவே போனது.

மறுநாள் காலையில் ஒரு மனிதர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். கையில் ஒரு போத்தல், அதில் பளபளவென்று பச்சைத் தண்ணீர். கீழே ரோட்டு வளைவில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஆள். வேலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. தோட்டத்தில் அடிக்கிற மருந்து கலந்துவிட்டதோ என்று பயந்து வந்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை மாதமும் எங்கள் தண்ணீரையா எடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஒருவர் சத்தம் போட்டார். அந்த மனிதர் போத்தலைப் பிடித்தபடி திகைத்து நின்றார். அவருடைய வீட்டுப் பின்பக்கத்து மண்ணிலிருந்து ஒரு நாள் தானாகத் தண்ணீர் கிளம்பியதாம். அல்லாஹ் தந்த பரக்கத் என்று நினைத்து, ஒரு குழாயைச் சொருகி, பக்கத்தில் கோப்பையும் வைத்து, போகிற வருகிற எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்.

இன்ஜினியர் வந்ததும் கீழே இறங்கினோம். எங்கள் ஆட்களும் கூடவே வந்தார்கள், சண்டைக்குத் தயாராக. கடைக்காரர் சொருகிய குழாயில் பச்சை ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தோம். இன்ஜினியர் பார்த்தது வீட்டுக்குப் பின்னால் நின்ற கருங்கல் சுவரை. மலை மண் சரியாமல் இருக்கக் கட்டிய உயரமான சுவர் அது. எங்கள் தலைக்கு மேலே கல் இடுக்குகளில் பச்சைக் கோடுகள் வடிந்திருந்தன. சுவரின் நடுப்பகுதி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அவர் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றார்.

கடைக்காரர் அசையவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த அவருடைய மகள், பிறந்து கொஞ்ச நாளேயான குழந்தையோடு அந்தப் பின் அறையில்தான் படுத்திருந்தாள்.

"பச்சப் புள்ளயோட எங்க போற? நல்ல தண்ணிதானே வந்தீக்கி, அதுக்குப் போய் ஊட்ட உடச் சொல்றீங்களே" என்றார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

இன்ஜினியர் பாரம், அழுத்தம் என்று என்னென்னவோ சொன்னார். கடைக்காரர் காதில் ஏறவில்லை. எனக்கு எங்கள் பீலியின் ஞாபகம் வந்தது. இரவும் பகலும் நிற்காமல் ஊற்றும் அந்தத் தண்ணீர் முழுவதையும் மனதில் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். இந்தச் சின்னக் குழாயில் வருவது அதில் ஒரு கொஞ்சம்தான். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், அப்படியே அவரைக் கூப்பிட்டேன்.

"நானா, மேல எங்களுக்கு வாளி வாளியா வந்த தண்ணிங்க இது. அவ்வளவும் இந்தக் கொழாயில வரல. மிச்சமெல்லாம் உங்க சொவத்துக்குப் பின்னாடிதான் நிக்குது" என்றேன்.

அவர் குழாயைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மகளை எழுப்பினார்.

சண்டைக்கு வந்த எங்கள் ஆட்கள்தான் சாமான்களைத் தூக்கினார்கள். மேலே சத்தம் போட்டவரே கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். பிஸ்கட் டின்கள், கதிரைகள், அலுமாரி எல்லாம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த அவருடைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போயின. குழந்தையை நான்தான் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் பெரிய மழை. நான் டவுனில் புடவைக் கடையில் இருந்தேன். வேலை முடிந்து ஏறி வரும்போது ரோட்டில் கூட்டம். சுவர் விழுந்து, பின் அறை கல்லும் சேறுமாக மூடிக் கிடந்தது. கூரைத் தகரத்தின் ஒரு நுனிதான் வெளியே தெரிந்தது. கடைக்காரர் எதிர்ப்பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். என்னைக் கண்டதும் ரோட்டைக் கடந்து வந்தார். என் தலையில் கையை வைத்தார்.

கம்பெனியோடு மல்லுக்கட்டி அந்த இன்ஜினியர் பெண் பள்ளத்தைத் திரும்பத் தோண்ட வைத்து, குறுக்கே களிமண்ணை இறுக்கி அடைத்தார். கடைக்காரருக்கு நட்டஈடாகக் கிடைத்தது, சுவரைக் கட்டவே போதவில்லை. முன்பக்கத்தை மட்டும் திருத்திக் கடை போட்டார். அடுத்த மழைக்கு எங்கள் பீலியில் முதலில் சிவப்பாகச் சேற்றுத் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்தது. பழைய அளவுக்கு இல்லை. எங்களோடு சேர்ந்தே நின்றுபோன கீழ் லயத்துப் பீலிக்கு இன்று வரை தண்ணீர் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, தனக்கும் விளங்கவில்லை என்று இன்ஜினியர் நேராகவே சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரரின் ஊற்று அதோடு வற்றிப் போனது. வேலைக்குப் போகும்போது என்னைக் கண்டால், "தங்கச்சி, பீலில தண்ணி வருதா?" என்று கேட்பார். வருகிறது என்றால் அவர் முகத்தில் தெரியும் சந்தோசத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும், அது அவருக்கும் கிடைத்த தண்ணீர்தானே. இன்றைக்கும் மலையில் எங்கே மண்வெட்டிச் சத்தம் கேட்டாலும் நின்று, மேலே யாருக்குத் தண்ணீர் நிற்கும், கீழே யாருடைய சுவருக்குப் பின்னால் போய்ச் சேரும் என்று கேட்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.