முப்பத்தேழாம் எண் வீடு

பெயரைத் தப்பாக எழுதினால் திருத்தித் தா என்று போய்விடுவார்கள். எண்ணைச் சரியாக எழுதினால்தான் சண்டைக்கு வருவார்கள். எண் பலகை வெட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, தி. நகர் சந்தில் நாற்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் நான் பட்டதைக் கேளுங்கள்.

திருப்பிப் போட்டாலும்

வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்த மாமி ஒருவர் கதவு எண் பலகை வெட்டச் சொன்னார். போன மழையில் கட்டிலோடு மிதந்து அடுத்த தெருவில் இறங்கினாராம். (கட்டில் அவர் சொன்னது, அடுத்த தெரு நான் சேர்த்தது.) இப்போது மயிலாப்பூரில் மூன்றாம் மாடியில் வீடு கிடைத்துவிட்டது. மழைக்கு முன்னால் குடி போயாக வேண்டும். புதிய எண் 37.

மறுநாள் மாமியின் கணவர் வியர்த்து ஓடிவந்தார். ஆடிட் ஆபீசில் இருந்து ரிடையரானவர். "நிறுத்தும்! அது பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் வகுபடாது. அந்த வீடு வேண்டாம்!"

நம் ஊரில்தான் கதவுக்குக் கதவு பழைய எண்ணும் உண்டே, அதைப் பெரிதாகப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். பழைய எண் 73. திருப்பிப் போட்டாலும் பகா எண்! எனக்கே பகீரென்றது. சமாளித்துக்கொண்டு, "வகுபடலன்னா நல்லதுதானே மாமா, குடும்பம் பிரியாது" என்றேன்.

"வகுபடலன்னா மீதி நிக்கும் ஓய். அந்த மீதி நான்தான்!"

மண்டைக்குள் மீட்டர்

மழைக்கு முன் மாமாவை மடக்க ஒரு வித்தை வைத்திருந்தேன். முதலில் ஊரூர் குப்பத்து ஆட்டோக்காரர் ஒருவரிடம் சோதித்துப் பார்த்தேன். வண்டி எண் எழுத வந்தவர்.

"ஏதாவது ஒரு இலக்கத்தை நெனச்சுக்கோ. அதையே மூணு தடவ வரிசையா எழுது. அப்புறம் அந்த மூணையும் கூட்டி, கூட்டினதால எழுதின முழு எண்ணை வகு."

444 எழுதினார். கூட்டினால் 12. வகுத்தால் 37. நம்பவில்லை. 888 எழுதினார். கூட்டினால் 24. மறுபடியும் 37. மனுஷருக்கு முகம் வெளுத்துவிட்டது. நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவே இரண்டடி பின்னால் போனது, சத்தியம்.

"இன்னா நைனா, என் மண்டைக்குள்ள மீட்டர் போட்டுக்கினு குந்திக்கினு கீறியா?"

பூஜ்யம்

ஒரு வாரத்தில் வானம் கறுத்துவிட்டது. மாமி மாமாவைக் கையோடு இழுத்து வந்துவிட்டார். நான் வித்தையை எடுத்துவிட்டேன். எந்த இலக்கம் நினைத்தாலும் முப்பத்தேழுதான் வரும், அவ்வளவு ராசியான எண் என்று மார்தட்டினேன்.

மாமா பேனாவைத் திறந்து நிதானமாக எழுதினார்: 000. கூட்டினார்: 0. "வகும் ஓய்."

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் எப்பேர்ப்பட்ட கணக்குப் புலி வகுத்தான்? அது ஒன்றை மட்டும் விலக்கச் சொல்ல மறந்து தொலைத்திருந்தேன். தகரக் கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது. "வேளச்சேரியே போறும்" என்று மாமா குடையை விரித்தார்.

மாமி குடையைப் பிடுங்கி மடக்கினார். மாமாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவ சொல்றேன். நல்ல ஒடம்போட சூடு முப்பத்தேழு டிகிரி செல்சியஸ். பொறந்ததுலேர்ந்து அந்த நம்பர்லதானே குடியிருக்கேள், காலி பண்றதா உத்தேசமா?"

மறுநாளே மயிலாப்பூரில் பால் காய்ச்சிவிட்டார்கள் என்பதால் சொல்கிறேன், சக பாவிகளே: எண்ணைக் கண்டு மிரளுகிறவரிடம் கணக்குப் பேசி மூக்குடைபடாமல், அவர் சம்சாரத்தை ஒரு நடை வரச் சொல்லுங்கள்.